சல்பேட்டைக் கழற்றினால் ஒரு சமிக்ஞை அடங்குகிறது, இன்னொன்று எழுகிறது: ஏன்?

ஆறாம் படிவம் · சனி, மாலை 6.12

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவ மாணவி. என் அப்பா வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறார். சனிக்கிழமைகளில் துணைக்கு நான் செல்வது வழக்கம். தாதி இரண்டு ஊசிகளையும் கையில் பொருத்தி, இரத்தம் குழாயில் ஏறத் தொடங்கும் வேளையில், ஒரு சிரிஞ்சிலிருந்து நிறமில்லாத மருந்தைக் குழாய்க்குள் செலுத்துகிறார். இயந்திரத்துக்குள் இரத்தம் உறைந்துவிடாமல் இருக்க அந்த ஹெப்பரின் தேவை என்று அவர் விளக்கினார்.

அதைப் பற்றிப் படிக்கப் போய் வேறோர் இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஹெப்பரினுக்கு நெருங்கிய உறவான ஹெப்பரான் சல்பேட் என்னும் சர்க்கரைச் சங்கிலி, நம் உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களின் மேற்பரப்பிலும் இருக்கிறதாம். உயிரணுவுக்கு வெளியே இருந்துகொண்டு அந்தச் சங்கிலியிலிருந்து சல்பேட்டைக் கழற்றும் சல்ஃப் என்ற நொதியும் இருக்கிறதாம். அது கழற்றினால் எஃப்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியின் சமிக்ஞை குறைகிறது, விண்ட் என்ற புரதத்தின் சமிக்ஞையோ கூடுகிறது என்று படித்தேன். சல்பேட் சமிக்ஞைக்கு உதவுகிறது என்றால், அதைக் கழற்றும்போது இரண்டும் குறைய வேண்டும். தடையாக இருக்கிறது என்றால் இரண்டும் கூட வேண்டும். இது எப்படி இரண்டு பக்கமும் போகிறது? டியூஷனில் கேட்டேன், "தேர்வுக்கு வராது, விட்டுவிடு" என்று சொல்லிவிட்டார்கள்.

பழைய வாத்தியார் · சனி, இரவு 8.03

அம்மா, தேர்வுக்கு வராததைக் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. உன் கேள்விக்கு முழு விடை சொல்ல நான் தகுதியுள்ளவன் அல்லன். முப்பது ஆண்டு வேதியியல் நடத்திய பழக்கத்தில், அடித்தளத்தை மட்டும் போட்டுவிட்டு விலகிக்கொள்கிறேன்.

அந்தச் சங்கிலி பிறக்கும்போது மிக எளிமையானது. குளுக்குரோனிக் அமிலம், என்-அசிட்டைல் குளுக்கோசமைன் என்னும் இரண்டு சர்க்கரைகள் மாறி மாறி வரும். பொதுவாக ஐம்பது முதல் இருநூறு சோடிகள் வரை நீளும். அது தனியாக மிதப்பதில்லை. ஒரு புரதத்தில் உள்ள செரின் என்னும் அமினோ அமிலத்தில், சைலோஸ், இரண்டு காலக்டோஸ், ஒரு குளுக்குரோனிக் அமிலம் என நான்கு சர்க்கரைகளால் ஆன காம்பு முதலில் ஒட்டும். அந்தக் காம்பிலிருந்துதான் சங்கிலி வளரும். உயிரணுப் படலத்தோடு பிணைந்திருக்கும் சிண்டெக்கன், கிளிப்பிக்கன் என்னும் புரதங்களும், வெளியிலுள்ள பெர்லெக்கன், அக்ரின் போன்றவையும் இச்சங்கிலிகளைச் சுமக்கின்றன. சங்கிலியை நீட்டுபவை எக்ஸ்ட்1, எக்ஸ்ட்2 என்னும் இரண்டு நொதிகள் சேர்ந்த கூட்டணி. வேலை நடக்கும் இடம் உயிரணுவுக்குள் இருக்கும் கோல்கி உறுப்பு.

நீண்ட பிறகுதான் சங்கதி தொடங்குகிறது. பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டதை உன் பாட்டி பார்த்திருப்பார். முதலில் காடு வெட்டும் கும்பல் நுழையும். அவர்கள் வெட்டித் தந்த இடத்தில்தான் குழி தோண்டுபவர்கள் இறங்குவார்கள். குழி விழுந்த இடத்தில்தான் கன்று வரும். இங்கே முதல் கும்பல் என்டிஎஸ்டி என்னும் நொதி. குளுக்கோசமைனின் நைட்ரஜனில் உள்ள அசிட்டைலை அது வெட்டி எறிந்துவிட்டு, அங்கே ஒரு சல்பேட்டை நடுகிறது. அது கை வைத்த பகுதியை ஒட்டியே மற்ற நொதிகள் பெரும்பாலும் இறங்குகின்றன. ஒன்று குளுக்குரோனிக் அமிலத்தைப் புரட்டி இடுரோனிக் அமிலமாக்கும். அடுத்தது அதன் 2-ஆம் கரியணுவில் சல்பேட் வைக்கும். இன்னொன்று குளுக்கோசமைனின் 6-ஆம் கரியணுவில் வைக்கும். மிக அரிதாக ஒன்று 3-ஆம் கரியணுவில் வைக்கும். என்டிஎஸ்டி நுழையாத பகுதி வெறும் சர்க்கரையாகவே கிடக்கும். ஆகவே ஒரே சங்கிலியில் சல்பேட் அடர்ந்த திட்டுகளும் மொட்டையான வெளிகளும் மாறி மாறி அமைகின்றன.

பால் ஸ்டோர் · சனி, இரவு 9.40

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். உவமை நன்றாக இருக்கிறது, ஆனால் ஓர் இடத்தில் சறுக்குகிறது. தோட்டத்தில் காடு வெட்டும்போது மானேஜர் கையில் வரைபடம் இருக்கும். எத்தனையாவது வரிசையில் எத்தனை கன்று என்பது முன்பே முடிவாகிவிடும். நீங்கள் சொல்லும் கும்பலுக்கு வரைபடம் யார் கொடுப்பது?

இன்னொன்று. நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவன் இல்லை. ரப்பர்த் தோட்டத்துப் பால் ஸ்டோரில் இருபத்திரண்டு ஆண்டுகள் நின்றவன். வெட்டு முடிந்து வாளியில் வரும் ரப்பர் பால் ஏன் தானாக உடனே கட்டியாவதில்லை என்று ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் எங்களுக்குச் சொன்னார். பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்களின் மேல் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. ஃபார்மிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து தொட்டியில் ஊற்றித் துடுப்பால் கிளறி, மேலே வரும் நுரையை வழித்துவிட்டு, தகடுகளைச் செருகிவிட்டால், அந்த மின்னேற்றம் அடங்கித் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். பிறகு பார்த்தால் வெள்ளைத் தோசை போல நிற்கும். அமோனியா ஊற்றினால் பால் பாலாகவே நிற்கும்.

சல்பேட்டும் எதிர்மின்னேற்றம் உள்ளது என்றால், தங்கை கேட்ட கேள்வியும் இந்த மின்னேற்றக் கணக்குதானே? கழற்றினால் பிடிப்பு குறையும். அதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறேன்; தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆய்வுக்கூடம் · ஞாயிறு, காலை 10.25

நானும் சுங்கை சிப்புட்டில் பிறந்தவள்தான். இப்போது வேறு ஊரில் ஆய்வுக்கூடமொன்றில் வளர்ச்சி உயிரியல் சார்ந்த வேலை பார்க்கிறேன். பால் ஸ்டோர் அண்ணன் கேட்ட இரண்டு கேள்விகளும் இத்துறையின் இரண்டு பெரிய கேள்விகள்.

வரைபடம் யார் கொடுப்பது? யாரும் கொடுப்பதில்லை. புரதத்தின் வரிசையை மரபணு எழுத்து எழுத்தாகச் சொல்லிவிடுகிறது. இந்தச் சங்கிலியில் எந்தச் சோடிக்கு எந்தச் சல்பேட் என்று சொல்லும் அச்சு எங்குமே இல்லை. எந்த நொதி எவ்வளவு இருக்கிறது, எந்த வகை இருக்கிறது (என்டிஎஸ்டியில் நான்கு, 6-ஆம் இடத்து நொதியில் மூன்று, 3-ஆம் இடத்து நொதியில் ஏழு வகைகள் நமக்கு உண்டு), சல்பேட்டைச் சுமந்து வரும் பேப்ஸ் என்னும் மூலக்கூறு போதிய அளவு கிடைக்கிறதா என்பவற்றைப் பொறுத்தே முடிவு அமைகிறது. ஒரே நிரையில் ரப்பர் பால் வெட்டும் இரண்டு பேரின் பட்டை ஒரே மாதிரி இராது என்பது அண்ணனுக்குத் தெரியும், இதுவும் அப்படித்தான். இருந்தும் ஒரு திசுவின் சங்கிலிகளைச் சேர்த்து அளந்தால், அத்திசுவுக்கே உரிய ஒரு முகம் தெரிகிறது. கல்லீரலின் முகமும் மூளையின் முகமும் வேறு.

இனி தங்கையின் கேள்வி. மின்னேற்றம் முக்கியம், ஆனால் அது மட்டும் கணக்கு என்றால் நீ சொன்ன முரண் வந்திருக்கவே முடியாது. சல்ஃப் எல்லாச் சல்பேட்டையும் கழற்றுவதில்லை. 6-ஆம் இடத்தில் உள்ளதை மட்டும், அதிலும் நைட்ரஜனிலும் 2-ஆம் இடத்திலும் 6-ஆம் இடத்திலும் என மூன்று சல்பேட் கொண்ட சோடிகளில் உள்ளதைத்தான் பெரும்பாலும் கழற்றுகிறது. அடர்ந்த திட்டுக்குள் புகுந்து ஒரே ஒரு வகை ஆணியை மட்டும் பிடுங்குகிறது என்று வைத்துக்கொள். ஆகவே அந்த ஆணி எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும்.

எஃப்ஜிஎஃப் குடும்பத்தில் அதிகம் ஆராயப்பட்டது எஃப்ஜிஎஃப்2. 1991-இல், ஹெப்பரான் சல்பேட் இல்லாத உயிரணுக்களில் எஃப்ஜிஎஃப்2 தன் ஏற்பியோடு (உயிரணுவின் மேலிருந்து சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் புரதம்) சரியாகச் சேரவில்லை என்பதும், ஹெப்பரின் சேர்த்தபோது சேர்ந்தது என்பதும் காட்டப்பட்டன. அதாவது சங்கிலி இங்கே ஒரு வேடிக்கை பார்ப்பவர் அல்ல. வளர்ச்சிக் காரணி, ஏற்பி, சங்கிலி மூன்றும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் சமிக்ஞை உள்ளே போகும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எஃப்ஜிஎஃப்2 சங்கிலியைப் பிடிப்பதற்கு நைட்ரஜன் சல்பேட்டும் 2-ஆம் இடத்துச் சல்பேட்டும் போதும். 6-ஆம் இடத்துச் சல்பேட் தேவைப்படுவது, ஏற்பியையும் அதே சங்கிலியில் சேர்த்துக் கட்டுவதற்கு. சல்ஃப் அந்த ஆணியைப் பிடுங்கும்போது எஃப்ஜிஎஃப்2 சங்கிலியை விட்டு ஓடுவதில்லை. ஏற்பியோடு அமர முடியாமல் போகிறது. சமிக்ஞை தளர்கிறது.

விண்ட் கதை வேறு. அதற்குப் பிரிசில்ட் என்னும் ஏற்பி உண்டு. விண்ட் புரதம் சங்கிலியை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடிப்பில் 6-ஆம் இடத்துச் சல்பேட்டுக்குப் பங்கு இருக்கிறது. பிடிப்பு மிக இறுகினால், உயிரணுவின் வாசலிலேயே விண்ட் இருந்தும் ஏற்பியின் கைக்குப் போகாது. சல்ஃப் அந்த இறுக்கத்தைக் குறைக்கிறது. சங்கிலி இன்னமும் விண்டை அருகில் வைத்திருக்கிறது, ஆனால் கேட்டால் கொடுக்கும் அளவுக்குத் தளர்வாக. சமிக்ஞை கூடுகிறது. 2003-இல் முன்வைக்கப்பட்ட இந்த விளக்கமே இன்றும் பெரும்பாலும் சொல்லப்படுகிறது.

இதன் தொடக்கம் காடைக் கருவில். 2001-இல், காடைக் கருவின் முதுகுப்புறம் அமையும் உடற்கண்டங்களில், சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்னும் சமிக்ஞைக்கு விடையாக விழித்தெழும் மரபணு ஒன்றைக் கண்டார்கள். அதுதான் காடையின் சல்ஃப்1. அதை முடக்கியபோது, தசையாகப் போகும் உயிரணுக்களின் அடையாளமான மையோடி என்னும் மரபணு சரியாக எழவில்லை. சல்பேட்டைக் கழற்றும் பழக்கமான நொதிகள், உயிரணுவுக்குள் இருக்கும் லைசோசோம் என்னும் பைக்குள், அமிலச் சூழலில், குப்பையைச் சிதைக்கும் வேலை செய்பவை. இதுவோ உயிரணுவுக்கு வெளியே, நடுநிலையான சூழலில், உயிரோடு இருக்கும் சங்கிலியைத் திருத்தும் வேலை செய்தது. அதனால்தான் அத்தனை பேருக்கும் வியப்பு.

ஐயவாதி · ஞாயிறு, பிற்பகல் 2.50

ஆய்வுக்கூடம் அவர்களின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. தெளிவாக இருப்பதே எனக்கு ஐயத்தைக் கிளப்புகிறது. பட்டப்படிப்பில் உயிர்வேதியியல் படித்தவன் என்ற முறையில் இரண்டு தடைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பழ ஈ. அதன் இறக்கை உருவாகும் திசுவில் விண்டின் ஈ வடிவமான விங்லெஸ் ஒரு கோட்டிலிருந்து சுரந்து இருபுறமும் பரவுகிறது. அங்கே சல்ஃப்1 மரபணுவை நீக்கினால் விங்லெஸ் சமிக்ஞை குறைய வேண்டும் என்று உங்கள் விளக்கம் சொல்லும். 2010-இல் வெளியான ஆய்வில் கண்டது நேர் எதிர்: சல்ஃப்1 இல்லாதபோது உயிரணுக்களுக்கு வெளியே விங்லெஸ் கூடுதலாகத் தேங்கியது, சமிக்ஞையும் கூடியது. காடையில் ஊக்கி, ஈயில் தடை.

இரண்டாவது, ஈடுகட்டல். 2-ஆம் இடத்துச் சல்பேட்டை வைக்கும் நொதி இல்லாத எலியின் உயிரணுக்களில், சங்கிலி மொட்டையாகிவிடுவதில்லை. நைட்ரஜனிலும் 6-ஆம் இடத்திலும் சல்பேட் கூடி, மொத்த மின்னேற்றம் ஏறத்தாழச் சமன் ஆகிவிடுகிறது. ஈயிலும் இதே போன்ற ஈடுகட்டல் உண்டு. அந்த எலி உயிரணுக்கள் எஃப்ஜிஎஃப்புக்கு விடையளிக்கவும் செய்தன. அப்படியானால் பால் ஸ்டோர் அண்ணன் கேட்டதே சரியோ? இடத்தைவிட மொத்த மின்னேற்றமே முக்கியமோ? இந்தச் சங்கிலியில் ஒரு "சங்கேதம்" எழுதப்பட்டிருக்கிறது என்று ஆய்வாளர்கள் ஆர்வத்தோடு சொல்லி வருவதை நான் எப்போதும் சற்று ஒதுங்கி நின்றே பார்க்கிறேன்.

பால் ஸ்டோர் · ஞாயிறு, பிற்பகல் 3.15

ஆய்வுக்கூடத் தங்கை, ஃபார்மிக் அமிலத்துக்கு ஒரு ஓட்டு விழுந்திருக்கிறது.

ஆய்வுக்கூடம் · ஞாயிறு, இரவு 9.05

ஐயவாதி அவர்களே, இரண்டு தடைகளும் உண்மையான தடைகள்; அவற்றை ஒதுக்கிவிட்டு எழுதியது என் பிழை.

ஈயின் இறக்கையை எடுத்துக்கொள்வோம். நொதி இரண்டு இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது: விண்டின் மீதுள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. அந்தத் தளர்வினால் என்ன ஆகும் என்பது, அங்கே எது தட்டுப்பாடாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பது என் கருத்து. விண்ட் வாசலில் குவிந்து கிடந்து ஏற்பிக்குப் போகாமல் இருந்தால், தளர்வு சமிக்ஞையைக் கூட்டும். விங்லெஸ் தொலைவிலிருந்து பரவி வந்து, சங்கிலிகள் பிடித்து வைத்தால்தான் அங்கே தங்கும் என்ற நிலை இருந்தால், தளர்வு அதை நழுவ விட்டுச் சமிக்ஞையைக் குறைக்கும். ஈயின் இறக்கை இரண்டாவது வகை. ஆகவே "சல்ஃப் விண்டைக் கூட்டும்" என்று மனப்பாடம் செய்வது தவறு. தங்கை இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பரவுதல் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. 1998-இல் ஈயில் டவுட்-வெலு என்னும் மரபணு அடையாளம் காணப்பட்டது. அது நம் எக்ஸ்ட்1-இன் உறவு. அதாவது சங்கிலியையே நீட்டும் நொதி. அது இல்லாத உயிரணுக்கள் குறுக்கே நின்றால், ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞை அவற்றைத் தாண்டிப் போக முடியவில்லை. சங்கிலி ஒரு தடுப்புச் சுவர் மட்டுமாக இருந்திருந்தால், சுவர் இடிந்ததும் ஹெட்ஜ்ஹாக் இன்னும் விரைந்து ஓடியிருக்க வேண்டும். மனிதரில் எக்ஸ்ட்1 அல்லது எக்ஸ்ட்2 மரபணுவின் இரண்டு படிகளில் (நகல்களில்) ஒன்று பழுதானால், எலும்பு வளரும் முனைகளை ஒட்டிக் குருத்தெலும்பு மூடிய புடைப்புகள் பல இடங்களில் கிளம்பும் பரம்பரை நோய் வருகிறது. எலியில் எக்ஸ்ட்1-இன் இரு படிகளும் போய்விட்டால், கருவில் படலங்கள் பிரியும் ஆரம்பக் கட்டத்தையே அது தாண்டுவதில்லை.

ஈடுகட்டலைப் பொறுத்தவரை, தட்டில் வளரும் எலி உயிரணுக்களைப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதே எலியின் கதை தட்டோடு முடியவில்லை. அதை எழுதத் தொடங்கினால் நீளும். தங்கை ஏதேனும் கேட்பாள் என்று நினைக்கிறேன், அதற்குப் பிறகு எழுதுகிறேன்.

"சங்கேதம்" என்ற சொல்லை நானும் விரும்புவதில்லை. எழுதியவர் ஒருவரும் படிப்பவர் ஒருவரும் இருப்பது போல அது தோன்றச் செய்கிறது.

ஆறாம் படிவம் · திங்கள், இரவு 7.30

அக்கா, ஐயா, அண்ணன், எல்லாருக்கும் நன்றி. மூன்று முறை படித்துவிட்டேன். "விண்டைக் கூட்டும்" என்று குறிப்பேட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "விண்டின் மீதுள்ள பிடிப்பைத் தளர்த்தும்" என்று மாற்றியிருக்கிறேன்.

நான் கேட்க வேண்டியது ஒன்றுதான். 2-ஆம் இடத்துச் சல்பேட் நொதி இல்லாத எலிக்கு என்ன ஆயிற்று? தேடியபோது அதன் சிறுநீரகம் பற்றி ஏதோ வந்தது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன். அப்பாவுக்கு நீண்ட நாள் சர்க்கரை நோய். அதனால்தான் சிறுநீரகம் பழுதானது என்று மருத்துவர் சொன்னார். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா?

ஆய்வுக்கூடம் · திங்கள், இரவு 10.48

தங்கை, முதலில் அப்பாவைப் பற்றி. நான் மருத்துவர் அல்லள். ஆனால் நான் சொல்லப்போகும் எலிக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதை உறுதியாகச் சொல்லலாம். அவருடைய சிறுநீரகங்கள் கருவில் ஒழுங்காகவே உருவாகி, பல பத்தாண்டுகள் வேலை செய்தவை.

அந்த எலி 1998-இல் விவரிக்கப்பட்டது. நொதி உடல் முழுவதும் இல்லை. ஆகவே உடல் முழுவதும் குலைந்திருக்கும் என்று எதிர்பார்ப்போம். அப்படி ஆகவில்லை. குட்டிகள் வயிற்றில் முழுக் காலமும் வளர்ந்தன. கண்ணிலும் எலும்பிலும் சில குறைகள் தவிர, பல உறுப்புகள் ஏறத்தாழ ஒழுங்காக அமைந்தன. சிறுநீரகங்கள் மட்டும் இரண்டு பக்கமும் உருவாகவே இல்லை. பிறந்த கையோடு குட்டிகள் இறந்தன.

சிறுநீரகம் எப்படி உருவாகிறது என்று சற்று நெருங்கிப் பார்த்தால் காரணம் புரியும். கருவில் ஒரு குழாயிலிருந்து சிறிய மொட்டு ஒன்று கிளம்பி, அருகிலுள்ள தளர்ந்த திசுவுக்குள் நுழையும். நுழைந்ததும் இரண்டும் பேசிக்கொள்ளத் தொடங்கும்: திசு ஜிடிஎன்எஃப் போன்ற காரணிகளைச் சுரந்து மொட்டைக் கிளைவிடச் சொல்லும், மொட்டு திசுவை நெருங்கித் திரளச் சொல்லும், திரண்ட திசுதான் பிறகு வடிகட்டும் நுண்குழல்களாக மாறும். அந்த எலியில் மொட்டு கிளம்பியது, திசுவுக்குள் நுழைந்தது. அதற்குப் பின் அமைதி. மொட்டு கிளைவிடவில்லை, திசு திரளவில்லை. அதாவது ஐயவாதி குறிப்பிட்ட ஈடுகட்டல் தட்டிலுள்ள உயிரணுக்களுக்குப் போதுமாக இருந்தது, சிறுநீரகத்துக்குப் போதவில்லை. மொத்த மின்னேற்றம் சமமாக இருந்தும் ஓர் உறுப்பே வராமல் போனது என்றால், எந்த இடத்தில் சல்பேட் என்பது குறைந்தது அந்த உறுப்புக்காவது பொருட்டாகிறது.

2003-இல், குளுக்குரோனிக் அமிலத்தைப் புரட்டும் நொதியை நீக்கிய எலியிலும் சிறுநீரகங்கள் வரவில்லை. நுரையீரலும் சரியாக முதிரவில்லை. என்டிஎஸ்டி1 இல்லாத எலிகள் மூச்சுத் திணறிப் பிறந்தவுடன் இறக்கின்றன. முன்மூளையிலும் முகத்திலும் குறைகள் தெரிகின்றன. கழற்றும் பக்கத்திலும் கேட்டுக்கொள்: சல்ஃப்1, சல்ஃப்2 இரண்டும் இல்லாத எலிகளில் உணவுக்குழாய்க்கு நரம்புகள் சரியாகப் போய்ச் சேர்வதில்லை, ஜிடிஎன்எஃப் சமிக்ஞை தளர்வதே காரணம் என்று 2007-இல் காட்டினார்கள். ஒன்றை மட்டும் நீக்கினால் விளைவு மிக லேசாக இருக்கிறது, ஒன்றுக்கொன்று கை கொடுக்கின்றன.

சர்க்கரை நோயில் வேறு ஒரு நொதி பேசப்படுகிறது. ஹெப்பரனேஸ் என்று பெயர்; அது சல்பேட்டைத் தொடாமல் சங்கிலியையே நறுக்கும். அந்த நொதி இல்லாத எலிகளில் சர்க்கரை நோயை உண்டாக்கியபோது சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் கசியும் நிலை வரவில்லை என்று 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. அது எலி, அதற்கு மேல் இதில் நம்பிக்கை வைக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

இரவுப்பணித் தாதி · செவ்வாய், காலை 8.20

இரவு வேலை முடிந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். டயாலிசிஸ் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவள் என்பதால் ஹெப்பரினைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நாங்கள் செலுத்தும் ஹெப்பரின் பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்படலத்திலிருந்து எடுக்கப்படுவது. முஸ்லிம் நோயாளிகளின் குடும்பத்தினர் இதைக் கேட்பதுண்டு. மறைக்காமல் சொல்வதுதான் முறை. இது முதலில் 1916-இல் பால்டிமோரில், மருத்துவ மாணவராக இருந்த ஜே மெக்லீன் நாயின் கல்லீரலை ஆராய்ந்தபோது கண்ணில் பட்டது. கல்லீரலின் கிரேக்கப் பெயரிலிருந்தே பெயரும் வந்தது. மாணவர் ஒருவர் வேறெதையோ தேடப் போய்க் கண்டது என்பதை ஆறாம் படிவத் தங்கைக்காகச் சொல்கிறேன்.

பால் ஸ்டோர் அண்ணனின் மின்னேற்றக் கணக்கைப் படித்தபோது 2008 நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டில் அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்கு ஹெப்பரின் செலுத்திய சில நிமிடங்களில் இரத்த அழுத்தம் சரிந்தது. ஆராய்ந்தபோது, அளவுக்கு மீறிச் சல்பேட் ஏற்றப்பட்ட காண்ட்ராய்ட்டின் சல்பேட் என்னும் வேறொரு சர்க்கரைச் சங்கிலி ஹெப்பரினில் கலந்திருந்தது தெரிந்தது. மின்னேற்றத்திலும் உறைதலைத் தடுப்பதிலும் அது ஹெப்பரினைப் போலவே நடித்ததால் அன்றைய பரிசோதனைகளில் தேறிவிட்டது. உடலுக்குள் மட்டும் வேறு ஒரு கதவைத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகே பரிசோதனை முறைகளை மாற்றினார்கள்.

ஐயவாதி · செவ்வாய், பிற்பகல் 1.10

தாதி அம்மாவின் எடுத்துக்காட்டு எனக்கு எதிராகத்தான் போகிறது, ஏற்றுக்கொள்கிறேன். ஹெப்பரினின் உறைவுத் தடுப்பு வேலை, அரிதான அந்த 3-ஆம் இடத்துச் சல்பேட்டைக் கொண்ட ஐந்து சர்க்கரைத் துண்டைப் பொறுத்தது. ஆன்டித்ரோம்பின் என்னும் புரதம் அதைத்தான் தேடிப் பிடிக்கிறது. ஹெப்பரின் சங்கிலிகளில் மூன்றில் ஒரு பங்கில்தான் அத்துண்டு இருக்கிறது. அந்த ஐந்து சர்க்கரையை மட்டும் ஆய்வுக்கூடத்தில் கட்டி, விலங்கிலிருந்து எதையும் எடுக்காமல், ஃபோண்டாபாரினக்ஸ் என்ற மருந்தாகவே விற்கிறார்கள். இடம்தான் முக்கியம் என்பதற்கு இதைவிடச் சுத்தமான சான்று கிடையாது.

ஆனாலும் விடமாட்டேன். அந்த 3-ஆம் இடத்து நொதிகளில் முதல் வகையை நீக்கிய எலிகளுக்கு இரத்தம் கண்டபடி உறைந்திருக்க வேண்டும். 2003-இல் வந்த ஆய்வில் அவை உறைவைப் பொறுத்தவரை ஒழுங்காகவே இருந்தன. மருந்தாகக் கொடுக்கும்போது ஒரு சங்கிலி செய்வதும், உடல் அதே சங்கிலியைத் தனக்கென்று வைத்திருப்பதன் நோக்கமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ஆய்வுக்கூடம் · செவ்வாய், இரவு 9.30

இதில் எனக்கு மறுப்பே இல்லை. 3-ஆம் இடத்து நொதிகளின் வேறு ஒரு வகை தயாரிக்கும் சங்கிலியை முதலாம் வகை ஹெர்பிஸ் கிருமி உயிரணுவுக்குள் நுழையப் பிடித்துக்கொள்கிறது என்பது 1999-இலேயே தெரிந்தது. அதற்காக நம் உடல் அந்த நொதியை வைத்திருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

பால் ஸ்டோர் · செவ்வாய், இரவு 9.52

என் ஃபார்மிக் அமிலக் கணக்கைப் பாதி திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியை அந்த எலியின் தட்டில் வைத்துவிடுகிறேன்.

ஆறாம் படிவம் · புதன், மாலை 5.45

அப்பாவுக்கு இன்று டயாலிசிஸ் நாள். பள்ளி முடிந்து நேராகப் போய், அவர் நாற்காலிக்கு அருகில் உட்கார்ந்து ஒரு படம் வரைந்தேன், கீழே இணைத்திருக்கிறேன். கோல்கி உறுப்பைப் பெரிதாக வரைந்து, அதற்குள் எக்ஸ்ட், என்டிஎஸ்டி, புரட்டும் நொதி, 2, 6, 3 எனச் சல்பேட் வைக்கும் நொதிகள், கடைசியில் சல்ஃப் என வரிசையாக நிறுத்தியிருக்கிறேன். 6-ஆம் இடத்துச் சல்பேட்டுக்குச் சிவப்பு. அப்பா பார்த்துவிட்டு, "இவ்வளவு சிரமப்பட்டு வைத்ததை எதற்கு அங்கேயே நின்று கழற்றுகிறான்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. படத்தில் தவறு இருந்தால் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார் · புதன், இரவு 7.20

அம்மா, உன் அப்பா தவறைக் கண்டுபிடித்துவிட்டார். சல்ஃப் கோல்கியில் நிற்பதில்லை. அதை எடுத்து உயிரணுவின் வெளிப்பக்கம், கிளிப்பிக்கனின் சங்கிலிக்கு அருகில் வை. உள்ளே வைப்பது ஒரு காலம். வெளியே போய், பக்கத்தில் இருப்பவர்கள் என்ன சமிக்ஞை அனுப்புகிறார்கள் என்று பார்த்த பிறகு கழற்றுவது இன்னொரு காலம். இடையில் படலக் கோட்டை அழுத்தமாகப் போடு. என்டிஎஸ்டியின் அம்புக்குறியும் தலைகீழாக இருக்கிறது. அசிட்டைல் வெளியே போக வேண்டும்.